வெளியிலிருந்து ஒரு கத்தரி

மதிப்பிற்குரிய டாக்டர் கமலவேணி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் குறிப்பாணை சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கைக்கு வந்தது. நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நோயாளிகள் டேனரிப் பொடியைக் காயத்தில் இடுவது எனக்கு எப்போது தெரிய வந்தது என்பது முதல் கேள்வி. என் கடிதங்களில் எது அவர்களை அந்தப் பக்கம் திருப்பியது என்பது இரண்டாவது. சலோமி என்ற நோயாளிக்கு அதன் ஆபத்து தெரிந்திருந்ததா என்பது மூன்றாவது. அவருக்குப் பொடியை இட்டவர் யார் என்பது நான்காவது.

ஒவ்வொரு கேள்வியின் கீழும் பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். படிவத்தை நிரப்பி இதே உறையில் வைத்திருக்கிறேன். நான்காவது பதிலைப் பார்த்தால் இந்த மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். படிவம் கோப்புக்கு. இது உங்களுக்கு மட்டும்.

நான் சென்னைக்கு இரண்டு முறைதான் வந்திருக்கிறேன். என்னை நீங்கள் பார்த்ததில்லை. ஆகவே என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டு மருந்துத் திட்டம் ஆரம்பித்தபோது நோயாளிகளுக்குத் தகவல் எல்லாம் பேசும் செய்தியாகப் போனது. எங்கள் ஊரில் யாரும் அதை மதிக்கவில்லை. செத்துப்போன மாமனார் குரலிலேயே யாரோ போனில் பேசி வீட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போன காலம் அது. டாக்டர் குரலை எவன் வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லி, திட்டத்துக்காரர்கள் அனுப்பிய மாத்திரையைக் கூடச் சிலர் கொட்டிவிட்டார்கள். அப்புறம்தான் பழையபடி தாள், மை, தெரிந்த ஆளின் கையெழுத்து என்று முடிவானது. நீங்கள் அனுப்பும் ஆங்கிலக் குறிப்பைப் பொறுமையாகப் படித்து, புரியாததை இங்கே நிலையத்தில் இருக்கும் சின்ன டாக்டரிடம் கேட்டு, இந்த ஊர்க்காரர்களுக்கு விளங்கும்படி கடிதமாக எழுதி, நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அடியில் கிழித்துத் திருப்பி அனுப்ப ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். கேள்வி இருந்தால் அதில் எழுதுவார்கள். பத்து நாளுக்குள் பதில் போட வேண்டும். ஒன்பது வருடமாக ஒரு சீட்டும் பதினோராம் நாள் பார்த்ததில்லை. தெருவில் என்னை ‘லெட்டர் சார்’ என்பார்கள்.

முதல் வருடம் பாலாற்றங்கரைத் தெருவில், தண்ணீர்த் தொட்டியின் அடியில், ஒரு கூட்டம் போட்டோம். கட்டு மருந்து என்றால் என்ன என்று நான்தான் நின்று பேசினேன். புற்றுநோய் ஓர் இடத்தில் கட்டியாக இருப்பதால் ஆள் சாவது குறைவு, அதிலிருந்து அணுக்கள் கிளம்பி ஈரலுக்கும் எலும்புக்கும் போவதால்தான் சாவு, இந்த மருந்து அவற்றைக் கிளம்ப விடாது என்று சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். யேசுபாதம். தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுபவர். கையெல்லாம் சுண்ணாம்பு தின்று வெளுத்திருக்கும். அவருக்கு நோய் இல்லை. மனைவி சலோமிக்கு. குதிகாலில் மச்சம் போலக் கறுப்பாக வந்த புற்று. அதை வெட்டியெடுத்து இருபது நாள் ஆகியிருந்தது.

“சார், ஒரு சந்தேகம்,” என்றார். “ஓடுது ஓடுதுன்றீங்களே, எப்படி ஓடும்? நடுவுல சதை கீது, தோலு கீது. ஆட்டுத்தோல்ல ஒரு மயிரப் புடுங்கறதுக்குள்ள எங்களுக்குத் தாவு தீந்துபூடுது.”

அணுக்களைச் சுற்றிப் புரத நூலால் நெய்த வலை ஒன்று இருக்கிறது, நோய் அணு அதை வெட்டிக்கொண்டு போகிறது, வெட்டுவதற்கு அதனிடம் நொதி என்று ஒன்று உண்டு, கத்தரிக்கோல் மாதிரி என்றேன்.

“கத்தரி இல்ல சார், எங்க பொடி,” என்றார் அவர். “டிரம்ல ஒரு பொடி போடுவோம். போட்டா தோலு எளகிடும், மயிரு தானா கைல வந்துரும். நோய்க்குச் சொந்தமா பொடி கீது. நீங்க இன்னா பண்றீங்க, அந்தப் பொடிய வேலை செய்ய வுடாம கட்டறீங்க. அதானே?”

அதுதான். நான் மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்ததை அந்த மனிதர் நாலே வரியில் சொல்லிவிட்டார். கூட்டம் தலையாட்டியது. பாதிப் பேர் டேனரிக்காரர்கள். அந்த வரியை அப்படியே என் பதினான்காவது கடிதத்தில் எழுதினேன். ‘டிரம்மில் போடும் பொடி தோலை இளக்குவது போலவே, நோய் அணுவிடம் உள்ள நொதி உடம்பின் வலையை இளக்கி வழி செய்துகொள்கிறது. உங்கள் மேல்கையில் வைத்திருக்கும் மருந்து அந்த நொதியைக் கட்டிப்போடும்.’ அந்தக் கடிதத்தைப் பாராட்டி உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. மற்ற மாவட்டங்களுக்கும் அதை அனுப்பினீர்கள். உங்கள் இரண்டாம் கேள்விக்கு இதுதான் பதில்.

மருந்து சொன்ன வேலையைச் செய்தது. நானூற்றுச் சொச்சம் பேரில் ஒன்பது வருடத்தில் நோய் நகர்ந்து செத்தவர்கள் ஏழு பேர். ஆனால் உடம்பில் நடக்க வேண்டியது நோய் மட்டும் இல்லை என்பது முதல் ஆறு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு கீறல் மூடுவதற்கும் ஓரத்துத் தோல் அணுக்கள் நடுவுக்கு நடந்து வர வேண்டும். அவையும் வெட்டிக்கொண்டுதான் நடக்கின்றன. கத்தரி கட்டப்பட்டால் எல்லாக் கத்தரியும் கட்டப்படுகிறது. மருந்து வைத்த துளையே மூடாது. அதற்குச் சட்டைப் பொத்தான் போல ஒரு மூடி.

ஆகவே இந்த ஊரில் நானூறு வீடுகளில் அரிவாள்மனை இல்லை. காய் நறுக்கியே வரும். பூனை வளர்ப்பதில்லை. எட்டு வயதுப் பெண் ஒருத்திக்குக் காது குத்த முடியாமல் காந்தக் கம்மல் மாட்டிச் சடங்கை முடித்தார்கள். வாசலில் பச்சைப் பட்டை ஒட்டியிருந்தால் அந்த வீட்டுக்குச் செருப்பில் ஆணியோடு போகக் கூடாது. அவர்களுக்குக் ‘கண்ணாடி’ என்று ஊர் பெயர் வைத்தது. அவர்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கன்னத்துப் புற்றுக்கு மருந்து வைத்திருக்கும் முடிதிருத்துநர் முனிரத்தினம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னும் உடையல சார், கவனிச்சு வெச்சிருக்கேன்,” என்பார்.

மீறிக் காயம் பட்டால் பசைப் பட்டை. நாலு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெரிய காயம் என்றால் அவிழ்ப்பு. ஒன்பது நாள் மருந்தை எடுத்துவிட்டு, வார்டில் படுக்க வைத்து, காயம் மூடியதும் மறுபடி கட்டுவது. அந்த ஒன்பது நாளில் நோயும் கிளம்பலாம். ஆறு பேரில் ஒருவருக்குக் கிளம்பியது. அதனால் அவிழ்ப்புக்கு உங்கள் குழுவின் அனுமதி வேண்டும்.

சலோமிக்கு அந்த அனுமதி கிடைக்கவே இல்லை. ஆறரை வருடம் ஒழுங்காக இருந்தார். குதிகாலில் வெட்டிய இடத்தில் தழும்பு இழுத்து நடந்தாலும், நடந்தார். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தார். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர், நல்ல உரத்த குரல். கடிதம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் தொட்டியடியில் என் கடிதத்தைத் தெருவுக்கே படித்துச் சொல்வார். நான் எழுதியது அவர் வாயில் போய்த்தான் கடிதமாகும். இரண்டரை வருடம் முன்பு ஒரு மழையில் அந்தத் தழும்பு பிளந்துவிட்டது. பிளந்தது மூடவில்லை. நோய் இருந்த இடமும் காயமும் ஒன்றேயாக இருப்பதால் அவிழ்ப்பு கூடாது என்று எழுதினீர்கள். நானும் அதைத் தமிழில் எழுதினேன். கடைசி வரி, ‘பொறுத்திருக்கவும்.’

அதற்கப்புறம் வீட்டுக்குள் முழங்காலில் ஊர்ந்தார். தொட்டியடிக்கு யேசுபாதம் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைப்பார். சலோமி படிப்பார்.

இந்த வருடம் ஜனவரி பதினாறாம் தேதி சலோமியிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. கேள்வி இது: ‘ஐயா, உள்ளே இருக்கிற கத்தரியைக் கட்டிவிட்டீர்கள். வெளியிலிருந்து வேறு கத்தரி கொடுத்தால் அதையும் உங்கள் மருந்து கட்டுமா? கட்டாது என்றால், அது காயத்துக்கு மட்டும் வழி விடுமா, நோய்க்கும் விடுமா?’

நல்ல கேள்வி என்று நினைத்தேன். சின்ன டாக்டரிடம் காட்டினேன். அவரும் நல்ல கேள்வி என்றார். நாலாம் நாள் பதில் போட்டேன். மூன்று வரி. ‘வெளியிலிருந்து வரும் நொதிக்கு வடிவம் வேறு என்றால் மருந்து அதைக் கட்டாது. யார் வெட்டினாலும் வழி வழிதான். நோய் இருக்கும் இடத்துக்கு அருகில் வெட்டினால் நோயும் அந்த வழியில் போகும்.’ தேதி போட்டு, நகல் எடுத்து, கோப்பில் வைத்தேன். மூன்று வரியில் முடிந்தது என்று ஒரு திருப்தி. ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அன்றைக்கு இன்னும் இருபத்திரண்டு சீட்டு மேசையில் இருந்தது.

மார்ச் நாலாம் தேதி சலோமி நிலையத்துக்கு நடந்து வந்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் யேசுபாதம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா நிற்பது போல நின்றார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலைக் காட்டினார். இளஞ்சிவப்பாக, மெல்லிசாகத் தோல் மூடியிருந்தது.

“பொடி சார்,” என்றார், குரலைத் தாழ்த்தி. “நீங்கதானே எழுதினீங்க. உள்ள கீற பொடியக் கட்டிட்டோம், அதான் காயம் மூடலன்னு. அப்ப வெளிய கீற பொடியப் போட்டா? மொதல்ல ஒரு துண்டு ஆட்டுத்தோல்ல போட்டுப் பாத்தேன். கடியாரத்த வெச்சிகினு. அதிகமா வுட்டா தோலு கூழாயிரும், எனக்குத் தெரியாதா? எத்தினி நேரம், எத்தினி கிள்ளுன்னு எல்லாம் கணக்கா. தெனமும் சாயங்காலம் கையக் கழுவிட்டு நானேதான் போட்டு வுட்டேன். அவள வுடல.”

சலோமி சுவரைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். முதல் கேள்விக்கு மார்ச் நான்கு என்று படிவத்தில் எழுதியிருக்கிறேன். ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது டாக்டர். ஒன்பது வருடம் ஒரே வார்த்தையைப் பல விதமாக எழுதுகிறேன். பொறுக்கவும், காத்திருக்கவும், தவிர்க்கவும். ஜூலைக்குள் பதினோரு பேர் காயம் மூடி வந்தார்கள். கை வெட்டு, முழங்கால், முதுகுப் புண். எல்லாருக்கும் நோய் ஓர் இடம், காயம் வேறு இடம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யேசுபாதம் வீடு வீடாகப் போய்ப் போட்டுவிட்டார். நான் பார்க்காதவன் போல இருந்தேன். சலோமியின் சீட்டும் என் பதிலும் கோப்பில் இருப்பது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வந்தது. ஒரு நாள் மத்தியானம் சோற்றுக்கு முன்னால் வந்தது. குதிகால் மூடியிருக்கிறதே, இத்தனை மாதம் ஒன்றும் இல்லையே என்று சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

செப்டம்பர் முதல் வாரம் சலோமியின் தொடை இடுக்கில் கட்டி தெரிந்தது. சின்ன டாக்டர் படம் எடுத்து, ஈரலிலும் இருக்கிறது என்றார். பொடி விஷயம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் உங்களுக்கு எழுதினார். இனி உங்களுக்குத் தெரியாத பகுதி.

போன வாரம் புதன்கிழமை சலோமி தனியாக வந்தார். நடந்துதான் வந்தார். நான் கோப்பிலிருந்து அந்தச் சீட்டையும் என் பதிலின் நகலையும் எடுத்து மேசையில் வைத்தேன். பார்த்தார்.

“பதில் வந்துச்சு சார். நல்லா வெளங்குச்சு,” என்றார்.

“வெளங்கியுமா?”

“வெளங்குனதாலதான். வெளங்காம போட்டிருந்தா தெனமும் பயந்துகினே போட்டிருப்பேன்.”

அவரே மேலும் சொன்னார்.

“ரெண்டு வருஷம் சார். எங்க வூட்டுக்காரு என்னத் தூக்கிகினு போய் கக்கூஸ்ல உக்கார வெச்சுட்டு வெளிய நிப்பாரு. முடிஞ்சுதான்னு கேக்க மாட்டாரு. ஒருவாட்டி இருமுவாரு. நான் கேட்டுகினே உக்காந்திருப்பேன். நீங்க பொறுத்திருக்கவும், பொறுத்திருக்கவும்னு மூணு லெட்டர் போட்டீங்க.”

“நாலு,” என்றேன்.

“நாலு. நான்தானே படிச்சேன் அதையும்.” சிரித்தார். “ஏழு மாசம் நடந்தேன் சார். போதும்னு சொல்லல. ஆனா நடந்தேன்.”

யேசுபாதத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். என் பதில் வந்த அன்று அதை அரிசிப் பானையில் போட்டுவிட்டு, லெட்டர் சார் பரவாயில்லைன்னு எழுதியிருக்காரு என்று அவரிடம் சொன்னாராம். அப்படி என் பெயரில் ஒரு பொய் அந்த வீட்டில் எட்டு மாதமாக இருந்திருக்கிறது.

“நோய் அதுவா கெளம்பிச்சுன்னு நெனச்சிகினு கீறாரு. போட்டது அவரு கை சார். அது அப்படியே இருக்கட்டும்.”

இருக்கட்டும் என்று விட முடியாத நிலைமை அப்போது. முனிரத்தினத்துக்குக் கன்னத்தில் நோய். கன்னத்திலேயே பட்டையின் ஓரம் உரசி ஒரு புண். யேசுபாதத்திடம் பொடி கேட்டிருந்தார். திங்கட்கிழமை, அதாவது இன்று, ஆரம்பிப்பதாகப் பேச்சு. நான் எல்லாருக்கும் எச்சரிக்கை எழுதியே ஆக வேண்டும். ஏன் என்று காரணம் சொல்லாமல் எழுதினால் இந்த ஊரில் எடுபடாது. பதினோரு பேர் குணமாகி நடமாடுகிறார்கள். காரணம் எழுதினால், ஒருவருக்கு நோய் நகர்ந்துவிட்டது என்று எழுத வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கத் தெருவுக்கு ஒரு நிமிடம் போதும். யேசுபாதத்துக்கு அது கூட வேண்டாம்.

இதைச் சலோமியிடமே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. வேறு யாரிடம் சொல்வது?

“எழுதுங்க சார்,” என்றார். “எழுதாம வுட்டுறாதீங்க. முனிரத்தினத்துக்கு ரெண்டு பொண்ணு கீது. நீங்க எழுதுங்க, நான்தானே படிக்கப் போறேன்.”

அன்று மாலையே என் அறுபத்தொன்றாவது கடிதத்தை எழுதினேன். எட்டு வரி. ஒரு வரி இப்படி: ‘நம் நிலையத்தைச் சேர்ந்த ஒருவர் நோய் இருந்த இடத்திலேயே பொடியை இட்டதால், அவருக்கு நோய் நகர்ந்துவிட்டது.’ பெயர் எழுதவில்லை. எழுதாவிட்டால் மட்டும் என்ன.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியடிக்கு நானும் போனேன். நான் போவது வழக்கமில்லை. எண்பது பேர் இருந்திருப்பார்கள். சலோமி நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டு படித்தார். யேசுபாதம் முன்வரிசையில், தரையில், துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் என் கடிதத்தின் வரிகளை மனதுக்குள் கூடவே படித்துக்கொண்டு வந்தேன். அந்த வரி வந்தது.

“ஈரோட்டுப் பக்கம் ஒரு டேனரிக்காரரு,” என்று படித்தார் சலோமி, குரல் மாறாமல், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “நோய் இருந்த எடத்துலயே பொடியப் போட்டுகினதால, அவருக்கு நோய் நகர்ந்துடுச்சு.”

மீதி எல்லாம் நான் எழுதியபடியே. ஆகையால் நோயும் காயமும் ஒரே இடத்தில் உள்ளவர்கள் பொடியைத் தொடவே கூடாது. மற்றவர்களும் டாக்டர்கள் சொல்லும்வரை நிறுத்தவும். இப்படிக்கு, தயாளன்.

“அப்ப எனக்குத் தாடிதான்,” என்றார் முனிரத்தினம். சிலர் சிரித்தார்கள். ஈரோட்டுக்காரர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று ஓர் அம்மா என்னைக் கேட்டார். இருக்கிறார் என்றேன். யேசுபாதம் உச்சுக்கொட்டினார்.

“பாவம்,” என்றார். “யாரு பெத்த புள்ளயோ.”

கடிதத்தின் நகல் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போயிருக்கிறது. எழுத்தில் ‘நம் நிலையத்தைச் சேர்ந்த ஒருவர்’ என்றுதான் இருக்கிறது. ஒருவரும் வந்து கேட்கவில்லை. அவர்கள் காதால் கேட்டதைத்தான் நம்பினார்களா, இல்லை தாளையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்களா, எனக்குத் தெரியாது. எண்பது பேர் சேர்ந்து ஒரு விஷயத்தைத் தெரியாதது போல இருக்க முடியும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்று திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு யேசுபாதம் வந்தார். கையில் துணிப்பை, வாய் இரட்டை முடிச்சாகக் கட்டியது.

“இதுல பாதி கீது சார். எங்க கொட்டறதுன்னு தெரியல. ஆத்துல கொட்டுனா கீற நாலு மீனும் செத்துரும்.”

வாங்கி எடை போட்டு, நானூற்று முப்பது கிராம் பெற்றுக்கொண்டேன் என்று ரசீது எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். போகவில்லை. பையின் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், அந்த ஈரோட்டு ஆளு.”

“ம்.”

“அவருக்கு யாரு போட்டு வுட்டது?”

விசாரித்து உறுதி செய்யாத எதையும் நான் இந்த மேசையில் உட்கார்ந்து சொன்னதில்லை டாக்டர். ஒன்பது வருடத்தில் ஒரு தேதி கூட.

“அவரே போட்டுக்கிட்டாராம்,” என்றேன்.

“அவரேவா.”

“ஆமா. பக்கத்துல யாரும் இல்லையாம்.”

“சரி சார்,” என்றார். “பைய மட்டும் அப்பால குடுங்க, அது சலோமி தெச்சது,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வாசலைத் தாண்டி, சுவருக்கு அந்தப் பக்கம், ஒருவாட்டி இருமினார். யாரோ உள்ளே முடித்துவிட்டு வரட்டும் என்று நிற்பவரைப் போல. அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் போன பிறகுதான் உங்கள் படிவத்தை எடுத்து நிரப்பினேன். மூன்றாம் கேள்விக்கு, ‘நோயாளிக்குத் தெளிவான எச்சரிக்கை போய்ச் சேரவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். சீட்டும் பதிலின் நகலும் கோப்பில் இப்போது இல்லை. தேட வேண்டாம்.

படிவத்தின் அடியில், பிரதி ஒன்று நோயாளியின் வீட்டாருக்குப் போகும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். யேசுபாதம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இத்தனை நாள் அவருக்கு எல்லாத் தாளையும் சலோமிதான் படித்துச் சொன்னார். இந்தப் பிரதி மேசைகளை எல்லாம் தாண்டி அந்த வீட்டுக்குப் போகும்போது சலோமி இருப்பாரா என்று சின்ன டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. இல்லாவிட்டால் யேசுபாதம் அதைக் கொண்டுபோய் முனிரத்தினத்திடமோ, தெருவில் வேறு யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவர்களுக்கு ஈரோடு என்று மாற்றிப் படிக்கத் தெரியாது. எழுதியிருப்பதைப் படிப்பார்கள். அவர் பெயரை அங்கே யாரும் உரக்கப் படிக்கக் கூடாது.

ஆகவே நான்காம் கேள்வி, பொடியை இட்டவர் யார் என்பதற்கு நேரே, ப. தயாளன், தகவல் எழுத்தர் என்று எழுதியிருக்கிறேன். அதில் பாதியாவது உண்மை என்பது என் எண்ணம். அதன் மேல் நீங்கள் எடுக்கும் நடவடிக்கையை எனக்குத் தனியாகத் தெரிவித்தால் போதும். மேசையில் பதில் போட வேண்டிய சீட்டு ஏழு மீதம் இருக்கிறது. முடித்துவிட்டுப் போகிறேன்.

பதிலின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த ஊரில் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இப்படிக்கு,
ப. தயாளன்